ராபர்ட் எட்டிங்கர் விஞ்ஞானியா, மோசடிக்காரரா?

கேள்வி இதுதான்: "இறந்தவர்களின் உடலைத் திரவ நைட்ரஜனில் வைத்து, என்றாவது ஒருநாள் மருத்துவம் அவர்களை எழுப்பும் என்று காத்திருக்கும் கிரையோனிக்ஸ் இயக்கத்தின் தந்தை ராபர்ட் எட்டிங்கர் என்கிறார்கள். அவர் யார்? உண்மையான விஞ்ஞானியா, ஆசை காட்டிப் பணம் பறித்தவரா?"

இரண்டுமே இல்லை. எட்டிங்கர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியலும் கணிதமும் நடத்திய ஆசிரியர். உயிரணுக்களையும் திசுக்களையும் குளிர் என்ன செய்கிறது என்று ஆராயும் குளிர் உயிரியலில் அவர் பெயர் சொல்ல ஒரு கண்டுபிடிப்பும் கிடையாது. உடலை உறையவைத்துக் காக்கலாம் என்ற எண்ணம்கூட அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றியதல்ல. ஆனாலும் அந்தப் பட்டம் அவருக்குத் தகும் என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் அவர் எழுதிய புத்தகம் என்று பலரும் சொல்வார்கள். நான் அவருடைய கணக்குப் புத்தகத்தைச் சொல்வேன். அது ஏன் என்பதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1918 டிசம்பர் 4 அன்று நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழின் 1931 ஜூலை வெளியீட்டில் நீல் ஜோன்ஸ் எழுதிய 'தி ஜேம்சன் சாட்டலைட்' கதையைப் படித்தார். அந்தக் கதையில் ஒரு பேராசிரியர், தான் செத்த பிறகு தன் உடலை ராக்கெட்டில் ஏற்றி பூமியைச் சுற்றவிடும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். விண்வெளிக் குளிரில் உடல் அப்படியே கிடக்கிறது. நான்கு கோடி ஆண்டுகள் கழித்து வேற்றுக் கிரகத்து இயந்திர மனிதர்கள் அதைக் கண்டெடுத்து, மூளையை எடுத்து இயந்திர உடலில் பொருத்தி எழுப்புகிறார்கள். கதையாசிரியருக்கு அது சாகசக் கதை. சிறுவன் எட்டிங்கருக்கோ வேறொன்று உறுத்தியது. இதற்கு ஏன் நான்கு கோடி ஆண்டு? வேற்றுக் கிரகத்தார் எதற்கு? நாளைய மனிதர்களே செய்துவிட மாட்டார்களா?

பிறகு போர் வந்தது. அமெரிக்கக் காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்டாக இருந்த எட்டிங்கர், 1944 இறுதியில் ஜெர்மனியில் கால்களில் படுகாயமடைந்தார். பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடைத்தது. கூடவே மிச்சிகனின் பேட்டில் க்ரீக் ராணுவ மருத்துவமனையில் பல ஆண்டு வாசமும். எலும்பு ஒட்டு அறுவை சிகிச்சை அவர் கால்களைக் காப்பாற்றியது. ஒரு தலைமுறை முன்பு பிறந்திருந்தால் அந்தக் கால்களை வெட்டி எறிந்திருப்பார்கள். கால ஓட்டத்தில் மருத்துவம் எங்கே போய் நிற்கும் என்பதில் அவருக்கு இருந்த அசையாத நம்பிக்கைக்குப் புனைகதை பாதிக் காரணம் என்றால், இந்தக் கால்கள் மீதிக் காரணமாக இருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, 1947-ல், பிரெஞ்சு உயிரியலாளர் ஜான் ரோஸ்தானின் ஆய்வு பற்றிப் படித்தார். தவளையின் விந்தணுக்களை, உறைதலின் சேதத்தைக் குறைக்கும் கிளிசரால் கலந்து உறையவைத்து மீட்க முடிவதை ரோஸ்தான் காட்டியிருந்தார். எட்டிங்கருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உடனே ஒரு சிறுகதை எழுதினார். பணக்காரர் ஒருவர் தன்னை உறையவைத்துக்கொள்ளும் கதை. 1948 மார்ச்சில் 'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்' இதழில் வெளிவந்தது. பின்னர் வெய்ன் அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலிலும் கணிதத்திலும் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்று, அங்கும் ஹைலண்ட் பார்க் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். திருமணம், பிள்ளைகள், சம்பளம்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இவ்வளவு எளிய விஷயம், தன்னைவிடப் பெரிய தகுதியும் பெயரும் உள்ள யாராவது ஒரு விஞ்ஞானி எடுத்துச் செய்துவிடுவார் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. 1960-ல் நாற்பதைத் தாண்டியிருந்தார். தனக்கும் வயதாகிறது என்பது உறைத்திருக்கிறது. அமெரிக்கப் பிரமுகர்களின் விவரத் தொகுப்பான 'ஹூ இஸ் ஹூ'விலிருந்து சுமார் 200 பேரைத் தேர்ந்து, தம் யோசனையைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். படித்தவர்களுக்குச் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். பதில் எழுதியவர்கள் மிகச் சிலர். சரி, விளக்கம் போதவில்லை போலும் என்று அதையே நூலாக விரித்து, 1962-ல் சொந்தச் செலவில் அச்சிட்டார்.

அதே 1962-ல் ஈவன் கூப்பர் என்பவரும் புனைபெயரில் இதே கருத்தைச் சொல்லும் ஒரு நூலை வெளியிட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. அடுத்த ஆண்டே வாஷிங்டனில் ஆயுள் நீட்டிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தவர் கூப்பர்தான். 1965-ல் அந்தச் சங்கம், முதலில் முன்வருபவரை இலவசமாகவே உறையவைக்கிறோம் என்று அறிவித்தது. கூப்பர் சில ஆண்டுகளில் சலித்துப்போய் விலகினார். 1980-களின் தொடக்கத்தில் பாய்மரப் படகில் போனவர் கடலில் காணாமல் போனார். உறையவைக்க அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

எட்டிங்கரின் பிரதி டபுள்டே பதிப்பகத்துக்குப் போனது. அவர்கள் அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அறிவியலில் பிழை இல்லை என்று அசிமோவ் சொன்னதாக வரலாறு. 1964-ல் 'தி ப்ராஸ்பெக்ட் ஆஃப் இம்மார்டாலிட்டி' வெளிவந்தது. முன்னுரை எழுதியவர்களில் ரோஸ்தானும் ஒருவர். புத்தகக் கழகத் தேர்வு, பல மொழிகளில் பெயர்ப்பு, ஜானி கார்சன், டேவிட் ஃப்ராஸ்ட் போன்றோரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் என்று ஒரே ஆண்டில் ஊரறிந்த மனிதரானார். காலமும் தோதாக இருந்தது. ககாரின் விண்வெளிக்குப் போய் மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி மீண்டும் துடிக்கவைக்கும் முறை 1960-ல்தான் மருத்துவ இதழில் வந்திருந்தது. அதுவரை இறந்தவர் என்று துணி போர்த்திவிடப்பட்டவர்களில் சிலர் இப்போது எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

நூலின் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. சாவு என்பது ஒரு நொடியில் விழும் திரை அல்ல, படிப்படியாக நடப்பது. எந்தப் படியில் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்கிறோம் என்பது அன்றைய மருத்துவத்தின் கையாலாகாத்தனத்தைப் பொறுத்தது. ஆகவே இன்று கைவிடப்பட்டவரை மேலும் கெடாமல் நிறுத்திவைத்தால், நாளைய மருத்துவரிடம் ஒப்படைக்கலாம். உறையவைப்பதால் உடல் சேதமாகுமே என்றால், அந்தச் சேதத்தையும் நாளைய மருத்துவரே சரிசெய்வார். மண்ணுக்கோ தீக்கோ போனால் வாய்ப்பு சுழியம். உறைநிலையில் இருந்தால் சுழியத்தைவிட ஏதோ கொஞ்சம் அதிகம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாச் சிக்கலையும் எதிர்காலத்தின் தலையில் கட்டிவிடும் வாதத்தை யாராலும் தோற்கடிக்க முடியாது. தோற்கடிக்க முடியாததாலேயே அறிவியலில் அதற்கு மதிப்புக் குறைவு. எட்டிங்கருக்கு இது தெரியாமல் இல்லை. அவர் அதை நிரூபணமாக வைக்கவில்லை, பந்தயமாகவே வைத்தார். நூலின் பெரும்பகுதி உயிரியலும் அல்ல. செலவு எவ்வளவு, காப்பீடு எப்படி, உறைந்தவரின் சொத்து யாருக்கு, மறுமணம் செய்துகொண்ட மனைவியின் முன்னாள் கணவர் எழுந்து வந்தால் என்ன சட்டம், மக்கள்தொகை என்ன ஆகும் என்று ஓர் ஊராட்சி எழுத்தரின் பொறுமையோடு பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறார். சில ஆண்டுகளில் ஊரே வரிசையில் நிற்கப்போகிறது என்று மெய்யாகவே நம்பியிருக்கிறார்.

வரிசை வரவில்லை. அறிவியலாளர்களும் செல்வந்தர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் வேறு வகை. அரிசோனாவில் உடலை வைக்கும் உருளைகளைச் செய்து விற்கத் தொடங்கிய எட் ஹோப், தலைமுடி விக் செய்பவர். கலிஃபோர்னியாவின் கிரையோனிக்ஸ் சங்கத் தலைவர் ராபர்ட் நெல்சன், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர். 1967 ஜனவரி 12 அன்று புற்றுநோயால் இறந்த உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டை உறையவைத்தது நெல்சனின் குழு. அவரே முதல் மனிதர். (வால்ட் டிஸ்னி உறைநிலையில் இருக்கிறார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர் பெட்ஃபோர்டுக்குச் சில வாரங்கள் முன்பு, 1966 டிசம்பரில் இறந்தார், எரியூட்டப்பட்டார். கதை அவ்வளவுதான்.)

அடுத்து நடந்தது இந்த இயக்கத்தின் கறுப்புப் பக்கம். நெல்சன், சாட்ஸ்வொர்த் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் நிலத்தடி அறை ஒன்றில் உடல்களை வைத்துக் காத்தார். திரவ நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மேலும் மேலும் ஊற்றினால்தான் குளிர் நிற்கும். அதற்கான பணத்தை உறவினர்கள் மாதாமாதம் தருவதாக ஏற்பாடு. துக்கம் புதிதாக இருந்தபோது தந்தார்கள். பிறகு சிலர் நிறுத்தினார்கள். நெல்சன் கைப்பணம் போட்டுச் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. முடியவில்லை என்பதை வெளியே சொல்லவும் இல்லை. 1979-ல் விஷயம் வெடித்தபோது அங்கிருந்த ஒன்பது உடல்களும் எப்போதோ உருகி அழுகியிருந்தன. வழக்கு, இழப்பீடு, தலைப்புச் செய்திகள். அந்தக் காலத்தில் உறையவைக்கப்பட்டவர்களில் இன்றுவரை குளிர் குறையாமல் இருப்பவர் பெட்ஃபோர்ட் ஒருவர்தான். குடும்பத்தார் அவரை நெல்சனிடம் விட்டுவைக்காமல் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். இப்போது அரிசோனாவில் ஆல்கோர் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனத்தில் இருக்கிறார்.

பிரான்சில் ஒரு மருத்துவர் 1984-ல் தன் மனைவியைத் தன் மாளிகையின் நிலவறையில் மின்சார உறைபெட்டியில் வைத்தார். 2002-ல் அவரும் இறந்து அதே அறைக்குப் போனார். 2006-ல் பெட்டி பழுதாகி வெப்பம் ஏறிவிட்டதை மகன் கண்டுபிடித்தார். இருவரையும் எரிக்க வேண்டியதாயிற்று. உயிரியல் தோற்றதா வென்றதா என்று சோதிக்கும் நிலைக்கே இவை எதுவும் போகவில்லை. பாதுகாப்பவர் கைவிட்டார் அல்லது இயந்திரம் கைவிட்டது, முடிந்தது.

எட்டிங்கரின் கணக்குப் புத்தகம் இங்கேதான் வருகிறது. 1976-ல் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு டெட்ராய்ட் பகுதியில் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். உறவினர்களின் மாதத் தவணை கிடையாது. முழுத் தொகையும் முன்பே வந்துவிட வேண்டும். பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டு வழியாகக் கட்டுகிறார்கள். அந்தத் தொகையின் பெரும்பகுதியை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் நைட்ரஜன் வாங்க வேண்டும். ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர். ஆல்கோரில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல். இரண்டிலும் கிடைக்கும் சேவை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: ஆல்கோரின் குழு படுக்கையருகே வந்து காத்திருக்கும், இங்கே அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆல்கோர் தலையை மட்டும் காப்பதற்கும் ஒப்புக்கொள்ளும். எட்டிங்கரின் அமைப்பு அந்தப் பக்கம் போகவில்லை. விலை உயர்ந்த எஃகு உருளைகளை மட்டும் நம்பியிராமல், கண்ணாடி இழைச் சுவர்களுக்கு நடுவே வெப்பம் புகாமல் தடுக்கும் பெர்லைட் துகளை நிரப்பித் தாங்களே கலன்களைக் கட்டினார்கள். பார்க்கப் பகட்டாக இருக்காது. குளிர் நின்றது.

முதல் ஆளாக அங்கே போனவர் எட்டிங்கரின் தாய் ரியா, 1977-ல். 1987-ல் முதல் மனைவி எலைன். 2000-ல் இரண்டாம் மனைவி மே. மூவரும் எழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நிருபர்கள் அவரைச் சீண்டாமல் விட்டதில்லை. எனக்கு இதில் படுவது வேறு. தன் கடைச் சரக்கைத் தானே உண்ணாத வியாபாரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இவர் தன் தாயிலிருந்து தொடங்கினார். 1972-ல் எழுதிய இரண்டாம் நூலில், வெறும் மீட்பு போதாது, மனித உடலையே மேம்படுத்த வேண்டும் என்று இன்னும் உயரப் பறந்தார். அந்த நூலுக்கு இன்றும் வாசகர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கனவு காண ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை.

அறிவியலாளர்களின் எதிர்ப்பை அவர் கடைசிவரை கரைக்க முடியவில்லை. குளிர் உயிரியல் சங்கம் 1982-ல், மீட்பை எதிர்பார்த்து இறந்தோரை உறையவைப்பவர்களுக்கு உறுப்பினர் தகுதி இல்லை என்று விதியே எழுதிவிட்டது. உறைந்த மனிதனை எழுப்பலாம் என்று நம்புவது ஹாம்பர்கரைத் திரும்பவும் பசுவாக்கலாம் என்று நம்புவதைப் போன்றது என்று ஆர்தர் ரோ என்ற குளிர் உயிரியலாளர் சொன்னது புகழ்பெற்றது.

அந்தக் கேலிக்குப் பின்னால் உள்ள காரணம் வலுவானது. மெதுவாகக் குளிரும் திசுவில் முதலில் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் பனிக்கட்டியாகிறது. மீதி நீரில் உப்பு அடர்ந்து, உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உயிரணு சுருங்கி நசுங்குகிறது. விந்தணு, கரு போன்ற நுண்ணிய பொருள்களில் உறைதடுப்பு வேதிப்பொருள் சட்டென்று ஊடுருவிவிடும். ஆகவேதான் உறைந்த கருவிலிருந்து 1984-லேயே ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ மூளை வேறு விஷயம். உறைதடுப்பான் எல்லா மூலைக்கும் ரத்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும், இறந்தவரின் குழாய்களோ அடைபடத் தொடங்கியிருக்கும். எட்டிங்கரின் தாய் காலத்தில் கிளிசரால்தான். பின்னர் வந்த கரைசல்கள், நீரைப் பனியாக விடாமல் கண்ணாடி போன்ற திடமாக்குகின்றன. பனிப் பிரச்சினை குறைந்தது. ஆனால் அந்தச் செறிவில் கரைசலே நஞ்சு. மேலும் −196 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் வழியில் பெரிய உறுப்புகளில் விரிசல் விழுகிறது.

வெப்பமேற்றுவது இன்னும் கடினம். 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் இப்படிக் கண்ணாடியாக்கி 100 நாள் வரை வைத்திருந்த எலிச் சிறுநீரகங்களை, நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களின் துணையோடு சீராகச் சூடேற்றி, வேறு எலிகளுக்குப் பொருத்தி வேலை செய்யவைத்தார்கள். இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அது உயிருள்ள எலியிலிருந்து எடுத்த, கட்டைவிரல் அளவுகூட இல்லாத உறுப்பு. இதைக் காட்டி, பெட்ஃபோர்ட் எழுந்துவிடுவார் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சட்டத்தின் பார்வையில் உறைநிலையில் இருப்பவர்கள் இறந்தவர்களே. இறந்துவிட்டார் என்று முறையாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் வேலை தொடங்கும். உடல் தானச் சட்டங்களின்படி உடல் அந்தந்த நிறுவனத்துக்குத் தரப்படுகிறது. எட்டிங்கரின் அமைப்பு பல ஆண்டுகள் எந்த வகையிலும் சேராமல் இயங்கியது. 2003-ல் மிச்சிகன் அரசு விழித்துக்கொண்டு தடை விதித்தது. பேச்சு நடந்து, கடைசியில் கல்லறைத் தோட்டம் என்ற வகையில் உரிமம் கொடுத்தது. மரணத்தை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு இடுகாட்டு உரிமம்! எட்டிங்கர் அந்த ஆண்டுதான் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

2011 ஜூலை 23 அன்று, மிச்சிகனின் கிளின்டன் டவுன்ஷிப்பில் தம் வீட்டில் 92 வயதில் காலமானார். அவர் கட்டிய அமைப்பும் அதே ஊரில்தான் இருக்கிறது. சாவு நெருங்குவது தெரிந்திருந்ததால் எல்லாம் தயாராக இருந்தன: பனிக்கட்டி, ரத்த ஓட்டத்தைச் செயற்கையாகத் தொடரும் கருவி, உறைதடுப்புக் கரைசல், பிறகு கணினிக் கட்டுப்பாட்டில் மெல்ல மெல்லக் குளிரூட்டல். அந்த அமைப்பின் 106-வது ஆளாகச் சேர்ந்தார். 2016-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, புற்றுநோயால் இறந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் கடல் கடந்து வந்ததும் இதே இடத்துக்குத்தான். இன்று எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. அவர் 1964-ல் எதிர்பார்த்த கோடிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆகவே, மோசடியா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. மோசடி செய்ய நினைத்தவர் சாட்ஸ்வொர்த் வெளிப்பட்டதும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார். வாழ்நாளெல்லாம் நைட்ரஜன் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார். விஞ்ஞானியா என்றால், அதுவும் இல்லை. தான் முன்வைத்த பந்தயத்தைச் சோதனையாக மாற்ற அவரிடம் எந்த வழியும் இருக்கவில்லை. நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ சேர யோசித்தால், எழுப்புவார்களா என்று அந்த அமைப்புகளிடம் கேட்டுப் பயனில்லை. எவருக்கும் தெரியாது, நேர்மையான கிரையோனிக்ஸ்காரர் அதை ஒப்புக்கொள்வார். கட்டும் தொகையில் எவ்வளவு முதலீட்டுக்குப் போகிறது, அதன் ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறார்களா, அமைப்பு கலைந்தால் உடல் யார் பொறுப்பு, சாகும் இடத்திலிருந்து அங்கே கொண்டுசேர்க்க எத்தனை மணி நேரமாகும் என்று கேளுங்கள். இவற்றுக்கு மழுப்பாமல் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.